பின்விளக்கு

அரவேணுவில் எது கெட்டாலும்
முதலில் மூடுபனி மேல்தான் பழியைப் போடுவோம்.
செவ்வாய் எட்டேகாலுக்கு மானிட்டர் இருண்டபோதும்
"ஈரம் இறங்கியிருக்கும்" என்றார்
டிரையர் ஓட்டும் சூசை.

கீழே நீலப்பொட்டு எரிகிறது.
சிபியூ வழக்கம்போல முனகுகிறது.
நம்லாக்கைத் தட்டினால் விளக்கு வருகிறது, போகிறது.
ஆக, உள்ளே உயிர் இருக்கிறது.

கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினேன்.
இரண்டு பக்கத் திருகையும் விரல் நோக முறுக்கினேன்.
கெட்டிலைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கில் செருகினேன்.
சூசை அதன் முதுகில் ஓர் அறை வைத்தார்,
பழைய டிவிக்கு வைத்துப் பழகிய கை.
தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் அறையில் மாட்டினால்
அங்கேயும் அதே இருட்டு.
அவருடையதைக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன்.
அதில் குன்னூர் ஏல விலை ஓடிக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை.

வெளியே இலை மூட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
இரவெல்லாம் மழை.
சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி
தராசு வரை வரிசை.

மேசையடியில் உருண்ட திருகைத் தேடி
போன் டார்ச்சை அடித்தபோதுதான் கண்டேன்:
சாய்த்து அடித்தால், கறுப்புக்கு அடியில்,
கரும்பலகையில் சரியாக அழியாத கணக்கைப் போல,
காலையில் திறந்துவைத்த எடைத்தாள்.
நேற்றைய கடைசி வரிகள்.
ஹாலன், நாற்பத்திரண்டு கிலோ.
கெப்பி, முப்பத்தொன்றரை.

இடது கையில் டார்ச். வலது கையில் எண்கள்.
ஒரு தடவைக்கு உள்ளங்கை அகலம்தான் தெரியும்.
பேர் தெரிந்தால் எடை தெரியாது.
எடைக்கு நகர்ந்தால் பேர் போய்விடும்.
தாளின் வலது கோடியில் ஈரக் கழிவு என்றொரு கட்டம்,
மழை நாளில் நூற்றுக்குப் பத்து.

கெப்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி
"என் பேரு இதுல இருக்கா?" என்றாள்.
வெளிச்சத்தை அவள் பேர்மேல் நிறுத்தினேன்.
தேயிலைக் கறை ஏறிய நகத்தால் தொட்டாள்.
தொட்ட இடம் ஒரு நொடி குழைந்து மீண்டது.

பதினேழு பேர், பதினேழு எடை.
கழிவுக் கட்டம் வரை டார்ச் எட்டவில்லை என்று
யாராவது கேட்டால் சொல்வேன்.
அது பாதிக்கு மேல் உண்மை.

மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர்
பத்து நொடியில் சொல்லிவிட்டார்:
"பின்விளக்குப் பட்டை போச்சு.
மாத்துற காசுக்குப் புதுசே வந்துடும்."
பழசுக்கு முந்நூறு ரூபாய்.
அந்தக் கழிவை ரசீதில் தெளிவாகப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மடியில் அட்டைப்பெட்டி.
குஞ்சப்பனையில் பலாவுக்கு வந்த யானைக்காக
முக்கால் மணி நேரம் நின்றோம்.
பக்கத்து ஆள் பெட்டியைத் தட்டி "டிவியா?" என்றார்.
ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

பிரித்துப் பார்த்தால்
பழைய கேபிளுக்கு இதில் வாயே இல்லை.
கன்வெர்ட்டர் என்றொரு சாமான், நானூறு ரூபாய்,
மறுநாள் கண்டக்டரின் சட்டைப்பையில் மலையேறி வந்தது.

எரிந்தது.
நான்கு வருஷமாகச் சாம்பல் என்றே நினைத்திருந்த தாள்
இளம்பச்சை.
ஹாலன் பேருக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி,
அதைத் தூசி என்று எத்தனை முறை துடைத்திருப்பேன்.
வலது கோடியில், செவ்வாய்க்கு நேரே,
மேலிருந்து கீழே பதினேழு சைபர்,
கொத்துமல்லி விதை மாதிரி உருண்டையாக.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
பேனா மூடி சைபர் சைபராக இறங்கியது.
"செவ்வாய் மழைதானே?"
"மழைதான் சார்."
பன்னிரண்டாவதில் நின்றது. கெப்பியின் வரி.
கண்ணைக் கசக்கிக்கொண்டார்.
"ரொம்பக் கூசுது. கொஞ்சம் குறைங்க இதை."

பழையதில் பொத்தான் முன்னாலேயே இருந்தது.
இதில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ,
அடி விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன்.
அவர் பேனா மூடியை எடுக்கவில்லை.